முத்துக்குளித்துறையும் நடுநிலைக் கொள்கையும்

முன்னுரை

அயலாட்சியினின்று நீங்கிப் புதிதாக உரிமை பெற்ற நாடுகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் தலைநகரங்களில் நின்றே அதனை நோக்குகின்றனர். 1955-இல் பாண்டுங்கில் கூடிய மாநாடு, 1961-இல் பெல்கிரேடில் கூடிய மாநாடு, ஐக்கிய நாடுகள் அவையில் நிகழ்ந்த சொற்போர்கள் ஆகியனவே அவர்தம் ஆராய்ச்சிக்குக் களமாகின்றன. அவ்வாறு நோக்குவார்க்கு நாட்டினப் பற்றும் நடுநிலைக் கொள்கையும் ஒருதாய் வயிற்றுப் பிறந்த இரு மக்கள் போலத் தோன்றும். அயலார் ஆட்சியை வெறுத்த பற்றே அயலார் அணிகளிற் சேராமையாகவும் மலர்ந்தது என்பது அவர் முடிபு. அம்முடிபு பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. தலைநகரை விடுத்துக் கடற்கரையில் நின்று நோக்குவோமாயின், அவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணிய இடங்களும் நமக்குப் புலப்படும். அங்ஙனம் நோக்குதற்கு ஏற்ற கரையாகத் தூத்துக்குடித் துறையையும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளிக் கடலையும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம்.

தமிழாராய்ச்சி ஏட்டில் இப்பொருளுக்கு இடம் யாது என வினவுவார் உளராகலாம். அவர்க்கு இரண்டு விடை கூறுவோம். ஒன்று, கொற்கை முத்தைப் பாடிய சங்கப் புலவர் காலந்தொட்டு இக்கரையின் வரலாறு தமிழ் வரலாற்றினின்று பிரிக்கவொண்ணாதது. மற்றொன்று, நடுநிலை என்னும் சொல்லின் பொருளைத் தெளிதற்கு நம் நூல்களே நல்ல துணை செய்கின்றன. ஆதலின் சொற்பொருளினின்றே ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

நொதுமலும் நடுவுநிலைமையும்

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை என்பது. அதற்கு உரைகண்ட பரிமேலழகர், பகைவர், நொதுமலர், நண்பர் என மக்களை மூவகைப்படுத்தி, அம்மூவரிடத்தும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்றலே நடுவுநிலைமை எனப் பொருள் கூறிச் செல்கின்றார். இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நொதுமலர் என்பார் பகையும் நட்பும் இல்லாத அயலார். நடுவுநிலைமை உடையான் நொதுமலன் அல்லன்; அவன் நொதுமலரிடத்தும் அறம் வழுவாது ஒழுகுபவன். எனவே நொதுமல் என்பது உறவின்மையைக் குறிக்கும். நடுவுநிலைமை என்பது முறைமையைக் குறிக்கும். முன்னது ஒதுங்கி நிற்றல். பின்னது வழக்கினுள் புகுந்து செப்பமுற ஆராய்தல். துலாக்கோல் தன்மேல் இட்ட பொருளை நிறுக்கின்றதேயன்றி, அதனின்று விலகிச் செல்வதில்லை.

இவ்வேறுபாடே இருபதாம் நூற்றாண்டின் அரசியற் சொல்லாட்சியிலும் பெரியதொரு வழக்காயிற்று. இடைக்கால அரசின் பொறுப்பை ஏற்ற சவகர்லால் நேரு, 1946 செப்டம்பர்த் திங்களில் ஆற்றிய வானொலி உரையிலேயே, ஒன்றற்கொன்று பகைத்து நிற்கும் வல்லரசுக் கூட்டங்களினின்று இந்தியா விலகி நிற்க விழையும் என அறிவித்தார். பின்னர் மேலைநாட்டார் அதனை ஒதுங்கி நிற்கும் நடுநிலை எனச் சுட்டியபோதெல்லாம் அவர் அச்சொல்லை மறுத்தே வந்தார். ஒவ்வொரு வழக்கையும் அதனதன் தகுதி நோக்கி ஆராய்ந்து முடிவு செய்தலே தம் கொள்கை என்பது அவர் விளக்கம். கொரியப் போரின் முடிவில், 1953-இல், போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை நாடுகளின் ஆணையத்திற்கு இந்தியா தலைமை தாங்கியது. அஃது ஒதுங்கி நின்றார் செய்யுஞ் செயலன்று. நம் மரபிற் கூறின், நேரு தம் கொள்கை நொதுமல் அன்று, நடுவுநிலைமை என்றார் எனலாம். இற்றை வழக்கில் அணிசேராமை எனப்படுவதும் இதுவே. இவ்விரு பொருளும் கரைவாழ் மக்கள் வரலாற்றில் எவ்வாறு கலந்தும் பிரிந்தும் வந்தன என்பதே இனி நாம் ஆராயப் புகுவது.

பிறர் போர்க்குக் களமான கரை

கி. பி. முதல் நூற்றாண்டினதாகிய செங்கடற் செலவு நூல், பாண்டியர்க்குரிய கொற்கையில் முத்துக்குளித்தல் நிகழ்ந்ததையும், தண்டனை பெற்றோர் அத்தொழிலில் ஏவப்பெற்றதையும் குறிக்கின்றது. முத்தின் ஒளிக்குப் பின்னே குளித்தவரின் துன்பம் மறைந்திருந்தமை அன்றே காணப்படுகின்றது. கொற்கையும் காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. 1530-களில் பரதவர் தம் தொழிற் போட்டியாளரோடு நிகழ்ந்த பூசல் காரணமாகப் போர்த்துகேசியரின் துணையை நாடிக் கிறித்துவ சமயந் தழுவினர். 1542-இல் சவேரியார் இக்கரைக்கு வந்தார். 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துகேசியரை ஓட்டித் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1782-இல் ஆங்கிலேயர் அதனைக் கவர்ந்து, ஐரோப்பாவில் உடன்படிக்கை ஏற்பட்டபின் திருப்பிக் கொடுத்தனர். பிரெஞ்சுப் புரட்சிப் போரின்போது மீண்டும் கவர்ந்து, 1818-இல் மீண்டுங் கொடுத்தனர். 1824-இல் இலண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1825-இல் நிலையாகப் பெற்றனர்.

இவற்றுள் எப்போரும் இக்கரை மக்களின் வழக்கால் எழுந்ததன்று. அமசுட்டர்டாமிலும் இலண்டனிலும் பாரிசிலும் மூண்ட பகை இங்கே கொடியை மாற்றிற்று. நேற்று ஒருவர்க்கு வரி செலுத்தியவர் இன்று மற்றொருவர்க்குச் செலுத்தினர். 1939-இல் இந்திய மக்களின் பேராளரைக் கேளாமலே இந்தியா போரில் இறங்கியதாக அரசப் பேராளர் அறிவித்தமையும், அதுபற்றி மாகாணங்களின் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி துறந்தமையும் இவ்வரலாற்றின் இறுதிக் கூறேயாம். 1942 ஏப்பிரலில் சப்பானிய வானூர்திகள் கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கின. எதிர்க்கரையிலேயே போர் வந்து நின்றது. உரிமை பெற்ற நாடுகள் வல்லரசு அணிகளிற் சேர மறுத்தமையை அச்சம் என்றும் இரண்டகம் என்றும் பழித்தோர் உளர். அவர் இந்நெடிய பட்டறிவை எண்ணிலர். பிறர் பகைக்குத் தன் நிலத்தைக் களமாக்கக் கண்ட மக்கள், மீண்டும் அவ்வாறு ஆகாமைக் காக்க விழைதல் இயல்பே.

இக்காலப் பகுதியில் மேலும் இரண்டு செய்திகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. முதலாவது, ஒல்லாந்தர் காலத்தில் தூத்துக்குடி கொழும்பிலிருந்த ஆளுநரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது. மன்னார்க் குடாவின் இருகரையும் ஒரே ஆட்சியின் கீழ் அமைந்திருந்தன. ஆங்கிலேயர் இலங்கையைக் கைப்பற்றிய தொடக்கத்திலும் சென்னையிலிருந்தே அதனை ஆண்டனர். 1802-இல் இலங்கை மணிமுடிக்குரிய தனிக் குடியேற்ற நாடாக்கப்பட்டது. இருகரையையும் வேறு வேறு அரசுகளாக்கிய முடிவு ஐரோப்பியரின் ஆட்சி வசதி பற்றி எழுந்ததேயன்றிக் கரைமக்களின் வேட்கையால் எழுந்ததன்று. இரண்டாவது, முத்துக்குளிப்பில் உரிமையை அளந்த முறை. மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி, பரதவர் தலைவர், ஐரோப்பிய ஆட்சியாளர் ஆகிய பலரும் ஒரே குளிப்பில் உரிமை கொண்டாடினர். அவ்வுரிமை ‘கல்’ என்னும் அலகாற் கணக்கிடப்பெற்றது. கல் என்பது குளிப்போன் விரைந்து அடியில் இறங்குதற்குக் காலிற் கோத்துக்கொள்ளும் எடைக்கல். இவர்க்கு இத்தனை கல் என வரையறுத்தனரேயன்றி, இவர் கடல் இது, அவர் கடல் அது எனக் கோடு கிழித்திலர். இம்முறையில் குளிப்போர்க்குக் கிடைத்த பங்கு சிறிதே. அதனைப் பொற்காலம் எனப் புகழ்தல் நம் கருத்தன்று. ஒரு கடலைப் பலர் பகிர்தற்கு எல்லைக் கோடு ஒன்றே வழி அன்று என்பதை மட்டும் இங்கு நினைவிற் கொள்வோம்.

நாவாய்ச் சங்கமும் ஆசிய உணர்வும்

நாட்டினப் பற்று இத்துறையில் கப்பல் வடிவிலேயே தோன்றியது. ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ. உ. சிதம்பரனார், 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் முதல் பத்து இலட்சம் உரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 உரூபாயாக 40,000 பங்குகள். பாலவனத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராயினார். மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அப்பெருமகனார் கப்பற் சங்கத்துக்கும் தலைமை தாங்கியமை தமிழ் மாணவர் மறவாது போற்றற்குரியது. முதலில் அமர்த்திய கப்பல்கள் போட்டியாளரின் நெருக்குதலால் விலக்கிக்கொள்ளப்பட்டபோது, சிதம்பரனார் கொழும்புக்குச் சென்று வேறு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். பின்னர் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் விலைக்கு வாங்கப்பட்டுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

இச்சங்கத்தின் குறிக்கோள்களுள் ஒன்று நம் கருத்தைப் பெரிதும் கவர்கின்றது. இந்தியர்க்கு மட்டுமன்றி இலங்கையர்க்கும் பிற ஆசிய நாட்டினர்க்கும் கப்பற்றொழிலைப் பழக்கி அதன் பயனை நுகரச் செய்தலும் அதன் நோக்கமாகக் கூறப்பட்டிருந்தது. பாண்டுங் மாநாட்டிற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகட்கு முன்னரே, தென்கோடித் துறையொன்றில் நிறுவப்பட்ட வாணிகச் சங்கம் ஆசிய ஒருமையைத் தன் விதிகளுள் எழுதி வைத்தது. எனவே ஆசிய நாடுகளின் ஒற்றுமை பிற்காலத் தலைவர் சிலர் மாநாட்டு மண்டபங்களிற் படைத்த கருத்து என்பார் கூற்றுப் பொருந்தாது. இக்கடலின் வாணிகமே அவ்வொருமையைக் கற்பித்தது. தூத்துக்குடி வணிகனுக்குக் கொழும்பு வெளிநாடு அன்று. ஓர் இரவுப் பயணத்தில் அடையும் சந்தை.

சங்கத்தின் வீழ்ச்சி பலரும் அறிந்ததாதலின் சுருங்கக் கூறுவோம். ஆங்கிலக் கப்பற் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போரிட்டது. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்ற சிதம்பரனார் அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் சிறை செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். சூலையில் அவர்க்கு வாழ்நாள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டிற் குறைக்கப்பட்டு, 1912 இறுதியில் விடுதலை பெற்றார். அதற்குள் சங்கம் கலைந்துவிட்டது.

இந்தியா உரிமை பெற்றபின், 1949-இல், தலைமை ஆளுநராக விளங்கிய இராசகோபாலாச்சாரியார் தூத்துக்குடிக்குப் போந்து, சிதம்பரனார் பெயர் தாங்கிய கப்பலைக் கொழும்பு வழியில் தொடங்கி வைத்தார். நாட்டினப் பற்றின் வெற்றி விழாவாக அது கொண்டாடப்பட்டது. ஆயின் அக்கப்பல் சென்றடைந்த கரையில் அதே காலத்தில் நிகழ்ந்தது யாது? அதனை அடுத்துக் காண்போம்.

அயலாராகிய உறவினர்

இலங்கை 1948 பிப்ரவரி 4-ஆம் நாள் உரிமை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டமும், நாட்டினுட் புகுதலையும் நீங்குதலையும் வரையறுக்கும் சட்டமும் இயற்றப்பட்டன. 1949-இல் இந்திய, பாகிசுத்தானியக் குடியிருப்போர்க்கான குடியுரிமைச் சட்டம் வந்தது. அவ்வாண்டே செய்யப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தத்தால் மலைநாட்டுத் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் வாக்குரிமை இழந்தனர். இம்மக்களின் முன்னோர் பலர் தூத்துக்குடித் துறைவழியே கப்பலேறியவர். 1914-இல் தனுக்கோடி வழிப் போக்குவரவு தொடங்கும் வரை, சென்னையினின்று இலங்கை செல்லும் தொடர்வண்டிப் பயணம் தூத்துக்குடியிலேயே கடலை அடைந்தது.

இந்திய அரசின் நிலை யாது? இலங்கை குடியுரிமை மறுத்தமையாலேயே அவர் இந்தியக் குடிகள் ஆகிவிடார் என அஃது உரைத்தது. இலங்கை அரசோ அவர் தம் குடிகள் அல்லர் என்றது. 1954 சனவரியில் நேருவும் சர் சான் கொத்தலாவலையும் செய்த உடன்பாடு இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. இரு நாட்டினப் பற்றுகளும் தத்தம் வேலியைச் சரிசெய்து கொண்டபோது, வேலிகளுக்கு இடையே ஒரு மக்கட்கூட்டம் நாடற்றதாய் நின்றது.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை அம்மக்களை 9,75,000 பேர் எனக் கணக்கிட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்கவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யவும் இசைந்தனர். 1974-இல் அவ்வெஞ்சியோரையும் சரிபாதியாகப் பகிர்ந்தனர். முன்னாளிற் கற்களை எண்ணிப் பங்கிட்ட கடலில், இந்நாளில் மாந்தரை எண்ணிப் பங்கிட்டனர். எண்ணப்பட்டோரை எவரும் கேட்டிலர். 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு வழிகண்டது.

கொழும்பு மாநாடுகள்

இதே ஆண்டுகளிலேதான் இருநாடுகளும் உலக அரங்கில் ஒருங்கே நின்று நடுநிலைக் கொள்கையை வளர்த்தன. 1954 ஏப்பிரல் இறுதியில் இந்தியா, இலங்கை, பருமா, இந்தோனேசியா, பாகிசுத்தான் ஆகிய ஐந்து நாடுகளின் தலைமை அமைச்சர்கள் கொழும்பில் கூடினர். அக்கூட்டத்தின் வழியே 1955 ஏப்பிரலில் 29 நாடுகள் கலந்துகொண்ட பாண்டுங் மாநாடு உருவாயிற்று.

அம்மாநாட்டிலே கொத்தலாவலை, கிழக்கு ஐரோப்பாவில் நிலவும் சோவியத்து ஆதிக்கமும் குடியேற்ற ஆதிக்கமே எனக் கூறிப் பெரியதொரு வழக்கை எழுப்பினார். அந்நாளில் இலங்கை பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை கொண்டிருந்தது. திரிகோணமலையில் பிரித்தானியக் கடற்படையும் கட்டுநாயக்காவில் வான்படையும் இருந்தன. ஆயினும் அதே இலங்கை, அமெரிக்காவின் வெறுப்பையும் பொருட்படுத்தாது 1952-இல் சீனத்தோடு இரப்பருக்கு அரிசி மாற்றும் ஒப்பந்தம் செய்திருந்தது. கொள்கையாற் சாய்ந்திருந்த நாடும் வயிற்றின் தேவையால் நடுநிலைக்கு வந்தது. 1956-இல் பதவியேற்ற பண்டாரநாயக்கா நடுநிலையையே கொள்கையாகவுங் கொண்டார். 1957-இல் அப்படைத் தளங்கள் இலங்கை வசமாயின.

நாட்டினப் பற்று ஒரே காலத்தில் இரு முகங் காட்டுதலை இங்கு நாம் தெளிவாகக் காண்கின்றோம். அயற்படைத் தளங்களை அகற்றிய அதே அரசு, 1956-இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தையும் இயற்றிற்று. வெளியே பல குரல்கட்கும் செவிசாய்க்க வேண்டும் என உரைத்த நாட்டினப் பற்று, உள்ளே ஒரு குரலுக்கே இடந்தந்தது. இக்குறை இலங்கைக்கே உரியதன்று. உரிமை பெற்ற நாடுகள் பலவற்றிலும் இதனைக் காணலாம்.

1962 அக்டோபரில் இந்தியாவும் சீனமும் போரில் இறங்கின. டிசம்பர் 10 முதல் 12 வரை இலங்கை, பருமா, கம்போடியா, கானா, இந்தோனேசியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய ஆறு நாடுகள் கொழும்பிற் கூடி இருவர்க்கும் இசைவான முன்மொழிவுகளை வகுத்தன. இந்தியா அவற்றை ஏற்றது. சீனம் சில தடைகளோடே இசைந்தமையால் அவை பயன்தரவில்லை. பிறர் வழக்குகளில் நடுநின்று பழகிய இந்தியா, தன் வழக்கில் பிறர் நடுநிற்றலைக் கண்டது. ஆறு நாடுகளும் சீனத்தைத் தாக்குநர் எனப் பழியாமை இந்தியர் பலர்க்கு வருத்தந் தந்தது. நடுநிலையின் அருமை பிறர்க்கு அதனைப் பரிந்துரைக்கும்போது தோன்றாது. தன்னைப் பற்றிய வழக்கில் பிறர் அதனைக் கைக்கொள்ளும்போதே தோன்றும்.

1971-ஆம் ஆண்டும் இவ்வாறே. அவ்வாண்டு ஏப்பிரலில் இலங்கையில் இளைஞர் கிளர்ச்சி எழுந்தபோது இந்தியா படைத்துணை நல்கிற்று. அதே ஆண்டில், இந்திய வான்வெளி தடுக்கப்பட்ட பாகிசுத்தானிய வானூர்திகள் கிழக்கு வங்கம் செல்லும் வழியிற் கொழும்பில் எரிபொருள் பெற இலங்கை இசைந்தது. சிறுநாடு பெருநாட்டின் அருகே வாழ்தற்கு நடுநிலையே கேடயம் என்பது இலங்கையின் எண்ணம். இலங்கை முன்மொழிந்தபடி இந்துமாக்கடலை அமைதி வலயமாக அறிவித்த ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானம் 1971 டிசம்பர் 16-ஆம் நாள் நிறைவேறிற்று. அதே நாளிலேதான் டாக்காவில் பாகிசுத்தானியப் படை சரணடைந்தது. அமைதி வலயத் தீர்மானம் வல்லரசுகளின் கடற்படையை நோக்கியதேயாயினும், அக்கடலிற் பெருநாடாகிய இந்தியாவையும் இலங்கை கருத்திற் கொண்டிருந்தது எனக் கருத இடமுண்டு.

முத்துப் பாரும் எல்லைக் கோடும்

இனி முத்துக்குளித் துறைக்கு மீள்வோம். முத்துச் சிப்பி வாழும் கடலடித் தட்டுகளைக் கரைமக்கள் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொல்லாயிரம் பார் பெயர்பெற்றது. இலங்கைக் கரையில் சேவல் பார் அத்தகையது. இப்பார்கள் கரையினின்று பல கல் தொலைவில், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. கடலெல்லை மூன்று கல் என வழங்கிய காலத்தில், அதற்கப்பாற்பட்ட இப்பார்கள் எவர்க்குரியன என்பது உலகச் சட்ட நூலாரின் வினாவாயிற்று. 1758-இல் வெளிவந்த தம் நூலில் வாத்தெல் என்னும் சட்ட அறிஞர், பகுரைன், இலங்கை ஆகிய இடங்களின் முத்துக்குளிப்பைக் கரையாள்வோர் உடைமையாக்கிக் கொள்ளல் முறையே என எழுதினார். இலங்கையின் ஆங்கில அரசு 1811-இல் பார்களின் அருகே திரியும் படகுகளைக் கைப்பற்றச் சட்டஞ் செய்தது. இவ்வாறு வளர்ந்த கொள்கை, 1958-இல் செனீவாவில் உருவான கண்டத்திட்டு உடன்படிக்கையில், கடலடியில் ஒட்டி வாழும் உயிர்கள் கரைநாட்டுக்கே உரியன என்னும் விதியாக நிலைபெற்றது. இந்தியாவும் 1955, 1956-ஆம் ஆண்டுகளில் கண்டத்திட்டு, மீன்வளம் ஆகியவற்றின்மீது உரிமை அறிவித்தது. அயலாட்சியார் வகுத்த உடைமைக் கொள்கையை, அயலாட்சியை ஒழித்த அரசுகள் தம் உரிமையாக ஏற்றுக்கொண்டன என்பது கருதத்தக்கது.

அவ்வாண்டுகளில் முத்துக்குளிப்பும் மீண்டுந் தழைத்தது. 1928-க்குப் பின் நெடுங்காலம் வறண்டிருந்த பார்கள் 1955-இல் வளங் காட்டின. பாண்டுங் மாநாடு நிகழ்ந்த அவ்வாண்டு தொடங்கி, பெல்கிரேடு மாநாடு நிகழ்ந்த 1961 வரை தூத்துக்குடியில் ஆண்டுதோறும் குளிப்பு நடைபெற்றது. எடுத்த சிப்பியில் மூன்றில் இருபங்கு அரசுக்கும் ஒருபங்கு குளித்தோர்க்கும் என்பதே பழைய பங்கீட்டு முறை. 1961-க்குப் பின் பெருங்குளிப்பு நிகழவில்லை. தூத்துக்குடியிலுள்ள நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் சிப்பியில் முத்தை வளர்த்து வெற்றி கண்டனர். எனினும் பாரிற் குளித்து வாழ்ந்த வாழ்வு மீளவில்லை. சிப்பியின் இளம்பருவ உயிர் சில வாரம் நீரோட்டத்தோடு மிதந்து திரிந்த பின்னரே அடியிற் பற்றும் இயல்பினது. அதன் பிறப்பும் இருப்பும் ஒரு நாட்டின் நீருக்குள் அடங்குவனவல்ல.

1974 சூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, பாக்கு நீரிணை முதல் ஆதம் பாலம் வரை எல்லையை வகுத்துக் கச்சத்தீவை இலங்கையின்பால் வைத்தது. அது சூலை 8-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, சூலை 11-ஆம் நாள், தூத்துக்குடி இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அரசு துறையைப் பெரிதாக்கிய அக்கிழமையிலேயே கடல் சுருங்கிற்று. 1976 மார்ச்சு 23-ஆம் நாள் உடன்படிக்கை மன்னார்க் குடாவின் எல்லையை வகுத்தது. அதனோடு மாற்றிக்கொண்ட கடிதங்களால் குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்சுத் திட்டு இந்தியாவின் உரிமையாயிற்று. இலங்கைக் கலங்கள் மூன்றாண்டு மட்டும் அங்கு வரையறைக்குட்பட்டு மீன்பிடிக்க இசைவு பெற்றன. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டின் நீரில் மீன்பிடித்தல் அவ்விசைவின்றிக் கூடாது எனவும் முடிவாயிற்று. அவ்வாண்டு ஆகத்திலேதான் அணிசேரா நாடுகளின் ஐந்தாம் உச்சி மாநாடு கொழும்பில் நடைபெற்றது.

ஒரு தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழலாம். இருநாடுகள் படைக்கலமின்றி, மூன்றாவது வல்லரசின் தலையீடுமின்றி, நீண்ட கடலெல்லையை அமைதியாக வகுத்துக் கொண்டமை நடுநிலைக் கொள்கையின் வெற்றியன்றோ எனலாம். ஆம், வெற்றியே. உலகின் பல கடல்களில் இத்தகைய வழக்குகள் தீராமல் நிற்பதை நோக்க, இதன் பெருமை விளங்கும். மன்னார்க் குடாவின் இருபக்கத்துப் பார்களும் தத்தம் கரையை அடுத்திருந்தமையால் அவைபற்றிப் பூசலும் எழவில்லை.

எனினும் பரிமேலழகர் வகுத்த பொருள்நிலையில் நின்று நோக்குவோமாயின், அரசுகள் தம்முள் நடுவுநிலைமை காட்டின. கரைமக்களிடத்து நொதுமலராய் நின்றன. 1974 உடன்படிக்கை இருநாட்டுக் கலங்கட்கும் வழிவழி வந்த உரிமைகளைக் குறித்தது. 1976 கடிதங்கள் மீன்பிடி உரிமையை நீக்கின. இடைப்பட்ட ஈராண்டில் அம்மக்களின் கருத்துக் கேட்கப்பட்டிலது. இதன் விளைவு பாக்கு நீரிணையில் இன்றும் தொடர்கின்றது. தமிழ்நாட்டு மீனவர் சிறைப்படுதலும் படகு இழத்தலும் செய்திகளாகின்றன. மறுபுறத்து வழக்கையும் கேட்டலே நடுவுநிலைமை. இழுவை மடிகளால் தம் வலையும் கடலடி வளமும் அழிவதாக வடஇலங்கைத் தமிழ் மீனவர் முறையிடுகின்றனர். இலங்கை 2017-இல் அடிமடி இழுவையைத் தடைசெய்தது. இருபாலும் தமிழராயிருந்தும் வழக்குத் தீரவில்லை. இன ஒருமை ஒன்றே நீதி தாராது என்பதற்கு இதுவே சான்று.

தூத்துக்குடித் தோணிகளின் நிலையும் கருதற்பாலது. உப்பும் மிளகாய் வற்றலும் வெங்காயமும் ஓடும் ஏற்றிக் கொழும்பு சென்ற பாய்த்தோணிகளின் வாணிகம், நுழைவுச் சட்டங்களாலும் 1983-க்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போராலும் தளர்ந்தது. 2011-இல் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டே தூத்துக்குடி–கொழும்புப் பயணக் கப்பல் மீண்டும் தொடங்கிச் சில திங்களில் நின்றது. பெயர் நிலைத்தது, அப்பெயர்க்குரியார் திறந்த வழி நிலைக்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று முடிபுகளைப் பெறுகின்றோம். முதலாவது, நடுநிலைக் கொள்கை ஒரு தலைவரின் புனைவன்று. பிறர் போர்களுக்குக் களமாகித் துன்புற்ற கரைகளின் பட்டறிவில் வேரூன்றியது. இரண்டாவது, சிதம்பரனார் காலத்து நாட்டினப் பற்று அயற்கரையாரையும் பங்காளராகக் கருதியது. ஆட்சி கைவந்தபின் எழுந்த நாட்டினப் பற்றோ அயற்கரையாரை அயலாராக்கியது. மூன்றாவது, புதுநாடுகள் வல்லரசுகளிடத்துக் கைக்கொண்ட செப்பத்தைத் தம் எல்லையோர மக்களிடத்துக் கைக்கொண்டில.

கல் எண்ணிப் பங்கிட்ட பழைய முறைக்குத் திரும்புதல் இயலாது, வேண்டுவதுமன்று. கோடு கிழித்த கடலையும் இருகரையார் கூடிப் பேணுதற்கும், பருவம் வகுத்துப் பகிர்தற்கும் தடையில்லை. அதற்கு உடன்படிக்கைகளின் வாசகம் மட்டும் போதாது. தோணித் தலைவர் கணக்குகள், பரதவர் ஊர்க் குறிப்புக்கள், மரைக்காயர் வாணிக ஏடுகள், இருகரைக் கோயில், பள்ளி, திருச்சபைப் பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டி ஆராய்தல் வேண்டும். மன்னார்க் குடாவின் இருகரையிலும் உள்ள தமிழ்த் துறைகள் இப்பணியை ஒருங்கே மேற்கொள்ளுமாயின், அரசுகள் கேளாது விடுத்த சான்றுகள் ஆராய்ச்சியாளரின் ஏட்டிலேனும் பதிவு பெறும்.